பிறந்த தேதி உங்கள் குணத்தைத் தீர்மானிக்கிறதா? ஜாதகத்துக்கு வெளியே தரவுகள் சொல்வது என்ன?

2020 ஆகஸ்ட் 5 அன்று ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர, ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து நாள் தள்ளிப் பிறந்ததால் 2025-இல் இடம் இல்லை. 2026 ஜூனில் சேரும்போது, வகுப்பிலேயே மூத்த பிள்ளைகளில் அதுவும் ஒன்று.

அதே குழந்தையைக் கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்தால்? அங்கே மார்ச் 31 அன்று 6 வயது நிறைந்திருக்க வேண்டும். 2027-இல் சேரும், வகுப்பில் நடுத்தர வயது. ஐ.டி. வேலைக்காகக் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டால், கர்நாடக விதி ஜூன் 1 அன்று 6 வயது என்கிறது. (2025-26-க்கு மட்டும் பெற்றோர் கேட்டுக்கொண்டதால் 5 ஆண்டு 5 மாதம் என்று தளர்த்தினார்கள்.) அங்கே வயதில் பெரியவர்கள் பக்கம் போய்விடும்.

நட்சத்திரம் மாறவில்லை, லக்னம் மாறவில்லை, பிறந்த நேரம் ஒரு நிமிடம்கூட நகரவில்லை. ஆனால் "இந்தப் பையன் ரொம்ப ஷார்ப்", "இவனால ஒரு இடத்துல உட்காரவே முடியாது", "இந்தப் பொண்ணு கூச்ச சுபாவம்" என்று டீச்சர் சொல்லப்போவதில் எது இந்தக் குழந்தைக்கு விழும் என்பது, எந்தப் பள்ளி அலுவலகம் எந்தத் தேதியில் கோடு போட்டது என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

பிறந்த தேதிக்கும் மனிதர்களுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் அந்தத் தொடர்பு பெரும்பாலும் வானத்தில் இல்லை.

ஜாதகக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம்

இதில் அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. ஏனென்றால் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வானியற்பியலாளர் ஜெயந்த் நார்லிகர், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்டோர் 2008-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் 100 மாணவர்கள், அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள 100 பேர் என 200 பேரின் ஜாதகங்களைத் திரட்டிக் கலந்தார்கள். கலந்துகொண்ட ஜோதிடர்களுக்குத் தலா 40 ஜாதகம் போனது. எது எந்தக் குழு என்று மட்டும் சொன்னால் போதும்.

27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாகச் சொன்னது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 சதவீதம் வந்திருக்கும்.

"ஆனா எனக்குச் சொன்னது அப்படியே பொருந்துதே?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் தன் வகுப்பில் இருந்த 39 மாணவர்களுக்கு, "இது உங்களுக்காகவே தயாரித்தது" என்று சொல்லி ஆளுக்கொரு குணநலக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே காகிதம். அதில் இருந்த வாசகங்களையும் அவர் ஜோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்துதான் எடுத்திருந்தார்.

11 மாதம் என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம்?

உங்கள் ஆபீஸில் 31 வயதுக்காரரும் 32 வயதுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒன்றாம் வகுப்பில் 6 வயதுக் குழந்தையும் ஏறக்குறைய 7 வயதுக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். அந்தச் சின்னக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் ஆறில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பது, வரிசையில் நிற்பது, அழுகையை அடக்குவது, நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் இருப்பது என எல்லாமே அந்தப் பதினோரு மாதத்தில் நிறைய மாறிவிடும்.

ஆய்வாளர்கள் இதை ஒப்பீட்டு வயது விளைவு என்கிறார்கள். கெல்லி பெடார்ட், எலிசபெத் டூயி ஆகிய இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-இல் பல நாடுகளின் கணித, அறிவியல் தேர்வுத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். நான்காம் வகுப்பில், வகுப்பின் இளைய மாணவர்கள் மூத்தவர்களைவிட 100 பேர் கொண்ட தரவரிசையில் 4 முதல் 12 இடம் வரை பின்தங்கி இருந்தார்கள். எட்டாம் வகுப்பிலும் அது முழுதாகப் போகவில்லை: 2 முதல் 9 இடம்.

மதிப்பெண்ணோடு நின்றால் பரவாயில்லை. என்னை அதிகம் தொந்தரவு செய்யும் ஆய்வு 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் 18 மாநிலங்களில் பள்ளிச் சேர்க்கைக்கு செப்டம்பர் 1 கட்-ஆஃப். அதாவது ஆகஸ்டில் பிறந்த குழந்தைதான் வகுப்பிலேயே சின்னது. செப்டம்பரில் பிறந்த குழந்தை ஒரு வருடம் காத்திருந்து சேர்வதால் வகுப்பிலேயே பெரியது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் காப்பீட்டுப் பதிவுகளை ஆய்வாளர்கள் அலசினார்கள். கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. குறைபாடு இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்தது, ஆகஸ்ட் குழந்தைகளில் 10,000-க்கு 85 பேர். செப்டம்பர் குழந்தைகளில் 10,000-க்கு 64 பேர்.

34 சதவீத வித்தியாசம். ஆகஸ்ட் 31-க்கும் செப்டம்பர் 1-க்கும் நடுவே மூளையில் என்ன மாறிவிடும்? ஒன்றும் இல்லை. செப்டம்பர் 1 கட்-ஆஃப் இல்லாத மாநிலங்களில் அந்த இடைவெளி பெரிதாகத் தெரியவும் இல்லை. ஆக, சில குழந்தைகளிடம் இருந்தது நோய் அல்ல, வயது. அந்த வயதை "கவனம் இல்லை" என்று டீச்சர் படித்தார், டாக்டர் எழுதினார், மருந்துச் சீட்டும் வந்தது. ஆகஸ்ட் குழந்தைகள் இதற்கு மருந்து எடுப்பதும் அதிகமாகவே இருந்தது.

இதைப் படித்துவிட்டு, ஏ.டி.எச்.டி. என்பதே பொய் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிட வேண்டாம். அந்தக் குறைபாடு உண்மையானது. ஒரு குழந்தையைப் பக்கத்துப் பெஞ்சில் இருப்பவரோடு ஒப்பிட்டுச் சொல்கிறோமா, அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறோமா என்பதுதான் இங்கே கேள்வி.

கோலி நவம்பர், பும்ரா டிசம்பர்... அப்படின்னா?

விளையாட்டில் இதை முதலில் கவனித்தவர்கள் கனடாக்காரர்கள். அங்கே இளையோர் ஐஸ் ஹாக்கியில் வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 கட்-ஆஃப். 1980-களில் ஒரு போட்டியின் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த பாலா பார்ன்ஸ்லி, வீரர்களில் ஏராளமானோர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்திருப்பதைப் பார்த்துக் கணவர் ரோஜரிடம் சொன்னார். உளவியலாளரான ரோஜர் எண்ணிப் பார்த்தார். அவர்களின் ஆய்வு 1985-இல் வெளியானது. மால்கம் கிளாட்வெல் 2008-இல் தன் 'அவுட்லையர்ஸ்' புத்தகத்தில் எழுதிய பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது.

இது எப்படி நடக்கிறது என்பது எளிது. பத்து வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்த பையன், டிசம்பரில் பிறந்தவனைவிடக் கொஞ்சம் உயரம், கொஞ்சம் வலு. அதனால் தேர்வாகிறான். தேர்வானதால் நல்ல கோச், அதிகப் போட்டிகள், அதிகப் பயிற்சி கிடைக்கின்றன. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் உண்மையிலேயே நன்றாக ஆடுகிறான். ஆரம்பத்தில் வெறும் மாதமாக இருந்தது, இப்போது திறமையாக மாறிவிட்டது.

இந்திய இளையோர் கிரிக்கெட்டில் கோடு செப்டம்பர் 1. உடனே நம் மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும். கோலி நவம்பர் 5. ஜடேஜா டிசம்பர் 6, பும்ராவும் டிசம்பர் 6. அஸ்வின் செப்டம்பர் 17. கட்-ஆஃப் தாண்டி முதல் நாலு மாதத்துக்குள் எல்லோரும்! 2008-இல் கோலி தலைமையில் இளையோர் உலகக் கோப்பை வென்றபோது, செப்டம்பர் 1988-க்குப் பின் பிறந்தவர்கள்தான் ஆட முடியும்; கோலியும் ஜடேஜாவும் 1988 நவம்பரும் டிசம்பரும்.

நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கம்: சச்சின் ஏப்ரல் 24, ரோகித் சர்மா ஏப்ரல் 30, தோனி ஜூலை 7.

நாலு பெயரை எடுத்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். ஜோதிட சேனல்கள் செய்வதும் இதையேதான். ஒப்பீட்டு வயது விளைவு என்பது ஆயிரக்கணக்கான வீரர்களை எண்ணும்போது தெரியும் ஒரு சாய்வு. அது யாருடைய தலைவிதியும் அல்ல. தவிர, உச்சத்துக்குப் போகப் போக இது மங்குகிறது. கனடாவின் ஹாக்கியிலேயே நட்சத்திர ஆட்டக்காரர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்த பிந்தைய ஆய்வில் இந்த விளைவு தலைகீழாகிவிட்டது. சின்ன வயதில் தன்னைவிடப் பெரியவர்களோடு முட்டி மோதித் தாக்குப்பிடித்தவர்கள் கடைசியில் வலுவாக வருகிறார்கள் என்பது ஒரு விளக்கம். தாக்குப்பிடிக்காமல் பாதியில் விட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

வேலைக்குப் போன பிறகும் தொடருமா?

பெரும்பாலும் இல்லை. நார்வேயில் ஆண்களின் ராணுவத் தேர்வுத் தரவுகளையும் வருமானத் தரவுகளையும் இணைத்துப் பார்த்தபோது, பள்ளியில் தாமதமாகச் சேர்ந்தது நீண்ட கால வருமானத்தைப் பெரிதாக மாற்றவில்லை. இளம் வயதிலேயே சேர்ந்தவர்கள் ஒரு வருடம் முன்னதாக வேலைக்கு வந்துவிடுவதால், தொடக்க ஆண்டுகளில் சற்று முன்னிலையில்கூட இருந்தார்கள்.

நிறுவனத் தலைவர்கள் பற்றிய ஒரு ஆய்வு லிங்க்ட்இன்னில் அடிக்கடி சுற்றும். அமெரிக்காவின் பெரிய 500 நிறுவனங்களின் சி.இ.ஓ.க்களில் ஜூன், ஜூலையில் பிறந்தவர்கள் குறைவு, மார்ச், ஏப்ரலில் பிறந்தவர்கள் அதிகம் என்பது அதன் முடிவு. ஜூலை 5.87 சதவீதம், மார்ச் 12.53 சதவீதம். கேட்கவே அசத்தலாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மாதிரியில் இருந்த சி.இ.ஓ.க்கள் மொத்தம் 375 பேர். சதவீதத்தைத் தலையாக மாற்றினால் ஜூலைக்கு 22 பேர், மார்ச்சுக்கு 47 பேர். சராசரியாக மாதத்துக்கு 31 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 22. ஆர்வமூட்டும் தகவல்தான். ஆனால் இதை வைத்து யாரும் ஜூலை பிறந்தநாள்காரருக்கு புரமோஷன் மறுக்க முடியாது.

பிறந்த மாதமும் நோயும்

பருவகாலம் பற்றிய ஆய்வுகளில் நூற்றாண்டுக் கணக்கான தரவு இருக்கிறது. கவனமாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. மனச்சிதைவு நோய் பற்றி நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். வட அரைக்கோளத்தில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பிறந்தவர்களில் இந்த நோய் 5 முதல் 8 சதவீதம் வரை கூடுதல். பயப்பட வேண்டாம். ஆயிரத்தில் 7 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், அது ஏழரை பேராகிறது. (ஏழரை என்றதும் வேறு எதுவும் நினைக்காதீர்கள்.)

தண்டுவடத்தையும் மூளையையும் பாதிக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயிலும் ஒரு தொடர்பு தென்பட்டது. கனடா, பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடன் நாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், மே மாதம் பிறந்தவர்கள் எதிர்பார்ப்பைவிட அதிகம், நவம்பரில் பிறந்தவர்கள் குறைவு. வெயிலே இல்லாத குளிர்காலத்தில் கர்ப்பமாக இருந்த அம்மாக்களுக்கு வைட்டமின் டி குறைந்திருக்கலாம் என்பது விளக்கம். பிற்பாடு வந்த ஆய்வாளர்கள், பிறப்பு விகிதமே இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறுவதைக் கணக்கில் எடுக்காததால் வந்த தோற்றம் இது என்று மறுத்தார்கள். விவாதம் இன்னும் இருக்கிறது. எப்படியானாலும் அந்த விளக்கத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் கிட்டத்தட்ட 9 மணி நேரம் வித்தியாசம். சென்னையில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.

2015-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை எடுத்து, 1,688 நோய்களைப் பிறந்த மாதத்தோடு பொருத்திப் பார்த்தார்கள். 55 நோய்கள் தொடர்புள்ளவையாகத் தேறின. இப்படி நூற்றுக்கணக்கில் தேடும்போது ஒரு ஆபத்து உண்டு. அந்த ஆபத்தைக் காட்டுவதற்காகவே கனடாவின் ஒன்டாரியோவில் பீட்டர் ஆஸ்டின் என்ற புள்ளியியலாளர் 2006-இல் ஒரு குறும்பு செய்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து ராசியோடு பொருத்தினார். சிம்ம ராசிக்காரர்களுக்குச் செரிமானப் பாதையில் ரத்தக்கசிவு அதிகம், தனுசு ராசிக்காரர்களுக்கு மேற்கை எலும்பு முறிவு அதிகம் என்று வந்தது. (மேற்கத்திய சூரிய ராசி அது, நம் ஊரில் சந்திரனை வைத்துச் சொல்லும் ராசி வேறு.) எத்தனை நோய்களை, எத்தனை ராசிகளோடு பொருத்தினோம் என்பதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியதும், எல்லாம் காணாமல் போயின. நூறு சாவியைப் போட்டுப் பார்த்தால் ஏதாவது ஒன்று பூட்டில் நுழையத்தான் செய்யும். கொலம்பியா குழு அந்தத் திருத்தத்தைச் செய்த பிறகுதான் 55 என்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு சிக்கல், குழந்தை எந்த மாதம் பிறக்கிறது என்பது குலுக்கல் சீட்டு இல்லை. அமெரிக்காவில் குளிர்கால மாதங்களில் பிறக்கும் குழந்தைகளின் அம்மாக்களில் பதின்ம வயதினரும், படிப்பு குறைந்தவர்களும் சற்றே அதிகம் என்று காசி பக்கில்ஸ், டேனியல் ஹங்கர்மேன் ஆகியோர் 2013-இல் காட்டினார்கள். ஜனவரிக் குழந்தை பின்தங்கினால் அது ஜனவரியின் வேலையா, வீட்டு வசதியின் வேலையா?

சரி, இந்தியா? தேசியக் குடும்ப நல ஆய்வின் மூன்று சுற்றுத் தரவுகளை வைத்து மைக்கேல் லோக்‌ஷின், செர்கி ராட்யாக்கின் ஆகியோர் 2012-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மழைக்கால மாதங்களில் பிறந்த குழந்தைகளின் உயரமும் எடையும், மழைக்குப் பிந்தைய மாதங்களிலும் குளிர்காலத்திலும் பிறந்தவர்களைவிடப் பின்தங்கி இருந்தன. நம்ப முடிகிற விஷயம்தான். தண்ணீர் கெடும் காலம், வயிற்றுப்போக்கு, விவசாயக் குடும்பங்களில் அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்கள், நாற்று நடவில் குனிந்து நிற்கும் கர்ப்பிணிகள். நம் ஊரில் ஆடி மாதத்தில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்துக்குச் சொல்லும் காரணமும் இந்த வகைதான்: ஆடியில் கரு உண்டானால் சித்திரைக் கத்திரி வெயிலில் பிரசவம்.

ஆனால் இங்கே ஒரு பெரிய "ஆனால்" இருக்கிறது.

அந்தப் பிறந்த தேதி உண்மையா?

உங்கள் அப்பா, அம்மா, பெரியப்பா, அத்தை எல்லோருடைய ஆதார் அட்டையையும் ஒருமுறை பாருங்கள். எத்தனை பேருக்கு மே, ஜூன் மாதத் தேதி? வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் "சேர்த்துக்கலாம்" என்று சொன்ன காலம் அது. காது எட்டிவிட்டால், பள்ளி திறக்கும் நாளுக்கு 5 வயது நிறைகிற மாதிரி ஹெட்மாஸ்டரே ஒரு தேதி எழுதிவிடுவார். ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த வி.கே. சிங் பிறந்தது 1950 மே 10-ஆ, 1951 மே 10-ஆ என்ற கேள்வி 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கலாம்.

இது தாத்தா காலத்துக் கதை மட்டும் இல்லை. 2005-06-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 5 வயதுக்கு உட்பட்ட இந்தியக் குழந்தைகளில் பிறப்பு பதிவானவர்கள் 41 சதவீதம்தான். இன்று இருபதுகளில் வேலைக்கு வந்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் அந்தக் குழந்தைகள். 2019-21-இல் அது 89 சதவீதமாக உயர்ந்தது. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆவணம் என்று சட்டமும் மாறிவிட்டது.

தேதி தவறாக இருந்தால் ஆய்வு என்ன ஆகும்? அன்னா லார்சன், டெரெக் ஹெடி, வில்லியம் மாஸ்டர்ஸ் மூவரும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் குடும்ப நல ஆய்வுகளை 2019-இல் பரிசீலித்தார்கள். டிசம்பரில் பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் வயதுக்கு மீறிய உயரம், ஜனவரியில் பிறந்ததாகப் பதிவானவர்கள் வயதுக்குக் குறைந்த உயரம் என்று நாட்டுக்கு நாடு வந்தது. வெவ்வேறு தட்பவெப்பம் கொண்ட நாடுகளில் எல்லாம் டிசம்பர் 31-க்கும் ஜனவரி 1-க்கும் நடுவே மட்டும் உயரம் குதிக்குமா?

விடை காலண்டரில் இருந்தது. அம்மாவுக்கு வருடம் ஞாபகம் இருக்கிறது, மாதம் சரியாக ஞாபகம் இல்லை. ஜூலையில் பிறந்த குழந்தையை "ஜனவரி" என்று எழுதினால், காகிதத்தில் ஆறு மாதம் பெரிய குழந்தையாகிவிடுகிறது. அந்த வயதுக்கு உயரம் குறைவாகத் தெரிகிறது. அதே குழந்தையை "டிசம்பர்" என்று எழுதினால், காகிதத்தில் ஐந்து மாதம் சின்னது. உயரம் அதிகமாகத் தெரிகிறது. குழந்தை ஒரே குழந்தைதான், பேனாதான் வேறு. பிறந்த மாதத்தை வைத்து நம் நாட்டில் செய்யும் எந்த ஆய்வைப் பார்த்தாலும், தேதி எங்கிருந்து வந்தது என்பதை நான் முதலில் தேடுவது இதனால்தான்.

நம்பிக்கையே விளைவை உண்டாக்கினால்?

நம் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுழற்சி போலவே ஜப்பானிலும் ஒன்று உண்டு. அதில் 'ஹினோஏ உமா', அதாவது நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண்கள் அடங்காதவர்கள், கணவனுக்கு ஆகாதவர்கள் என்று ஒரு நம்பிக்கை. 1966 அந்த ஆண்டு. 1965-இல் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்பு, 1966-இல் 13.6 லட்சமாக விழுந்தது. 1967-இல் 19 லட்சத்தைத் தாண்டியது. கிரகங்கள் எதுவும் செய்யவில்லை, லட்சக்கணக்கான தம்பதிகள் செய்தார்கள். அடுத்த நெருப்புக் குதிரை ஆண்டு 2026.

சீனாவில் இதற்கு நேர் எதிர். டிராகன் ஆண்டுக் குழந்தைகள் அதிர்ஷ்டசாலிகள் என்பது நம்பிக்கை. நாசி மோகன், ஹான் யூ ஆகியோர் பார்த்தபோது, டிராகன் குழந்தைகள் உண்மையிலேயே நன்றாகப் படித்தார்கள், பல்கலைக்கழக நுழைவுத் தேர்விலும் அதிகம் எடுத்தார்கள். ஏன்? அந்தப் பெற்றோர்கள் பிள்ளையிடம் அதிகம் எதிர்பார்த்தார்கள், அதிகம் செலவு செய்தார்கள், வீட்டு வேலை குறைவாகக் கொடுத்தார்கள்.

நம்மையும் இது விடுவதில்லை. பிரிட்டனில் ஹான்ஸ் ஐசென்க் 1978-இல் இன்னும் இருவரோடு சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டவர்களிடம் குணநலத் தேர்வு நடத்தியபோது, ராசிக்கும் குணத்துக்கும் மெல்லிய தொடர்பு தெரிந்தது. ஜோதிட உலகம் கொண்டாடியது. பிறகு ராசிபலன் தெரியாதவர்களிடமும் குழந்தைகளிடமும் பார்த்தபோது அந்தத் தொடர்பு இல்லை. "நான் மேஷம், கொஞ்சம் கோபக்காரன்தான்" என்று பல வருடம் சொல்லிச் சொல்லியே ஒருவர் கேள்வித்தாளிலும் அப்படியே டிக் அடிக்கிறார்.

இது சிரித்துவிட்டுப் போகிற இடம் மட்டும் இல்லை. மூலம், ஆயில்யம் நட்சத்திரத்தில் பிறந்த பெண்களுக்கு வரன் தட்டிப்போவதை மேட்ரிமோனி ஆப் வந்த பிறகும் பார்க்கிறோம். மாமியாருக்கு ஆகாது, மாமனாருக்கு ஆகாது என்ற ஒற்றை வரி, ஒரு பெண்ணின் திருமண வயதையும் தன்னம்பிக்கையையும் நிஜமாகவே மாற்றுகிறது. அதைத் தவிர்க்க நல்ல நேரம் குறித்துக்கொண்டு சிசேரியனுக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன், தெலங்கானாவில் 60.7; இந்திய அளவில் 21.5. இதில் முகூர்த்தம் பார்த்துச் செய்தவை எத்தனை என்று இந்த எண் பிரித்துச் சொல்வதில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம்: தேதியை டாக்டரும் ஜோதிடரும் சேர்ந்து குறிக்கும்போது, தேதி பிள்ளையை உருவாக்குவதில்லை, குடும்பம் தேதியை உருவாக்குகிறது. அப்படித் தேதி குறிக்க வசதி உள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் நன்றாக வந்தால், பாராட்டு முகூர்த்தத்துக்குப் போய்விடும்.

கோட்டை நகர்த்த முடியுமா?

கோடுகள் உங்களையும் இன்னும் விடவில்லை. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஆகஸ்ட் 1 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பொதுப் பிரிவினருக்கு 32 நிறைந்திருக்கக் கூடாது. 2025 தேர்வுக்கு 1993 ஆகஸ்ட் 2-இல் பிறந்தவருக்கு இடம் உண்டு, ஆகஸ்ட் 1-இல் பிறந்தவருக்கு இல்லை. நீட் எழுதிச் சேர, சேர்க்கை ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். எங்காவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், அதைக் குறை சொல்ல முடியாது. ஜூலை 31-ஐ மார்ச் 31 ஆக்கினாலும் யாரோ ஒரு குழந்தை கடைசியில் நிற்கும்.

கோட்டால் வரும் சேதத்தைக் குறைக்க முடியும். இங்கிலாந்தில் 11 வயதில் எழுதும் பள்ளித் தேர்வில் மதிப்பெண்ணை வயதுக்கு ஏற்பச் சரிசெய்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் ஒரே மதிப்பெண் எடுத்தால், மாதக் கணக்கில் சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கணக்கிடுவார்கள். நம் நாட்டில் நவோதயா, சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுகளை எழுதும் பிள்ளைகளின் வயதிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. அங்கே இப்படி ஒரு திருத்தம் செய்ய ஆகும் செலவு, எக்செல்லில் ஒரு காலம்.

உங்கள் வீட்டில் யு.கே.ஜி. முடிக்கப்போகிற பிள்ளை இருந்து, பிறந்த நாள் கட்-ஆஃபுக்கு ஓரிரு வாரம் முன்னால் விழுந்தால், ஒரு வருடம் காத்திருப்பதா, இப்போதே சேர்ப்பதா என்ற கேள்வி வரும். காத்திருந்தால் முதல் சில வகுப்புகளில் பிள்ளைக்குச் சுலபமாக இருக்கும்; பிற்கால வருமானத்துக்கு அது பெரிய உத்தரவாதம் இல்லை. சேர்த்துவிட்டால், பேரண்ட்ஸ் மீட்டிங்கில் "மத்த பிள்ளைங்க மாதிரி இல்ல" என்று டீச்சர் சொல்லும்போது, வகுப்பில் எத்தனை பேர் இவனைவிட மாதத்தில் சின்னவர்கள் என்று கேளுங்கள். மனநல மருத்துவரிடம் போக வேண்டி வந்தால், வயதோடு சேர்த்து, வகுப்பில் இவன்தான் இளையவன் என்பதையும் சொல்லுங்கள்.

பிறந்த தேதியைச் சும்மா காகிதத்தில் கொடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு நெதர்லாந்தில் 2017-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. டேவிட் மான், ப்ளூன் வான் கின்னெக்கென் இருவரும் சிறுவர் கால்பந்துப் போட்டியைத் திறமை தேடும் வல்லுநர்களுக்குக் காட்டி, வீரர்களைத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். வயது தெரியாமல் பார்த்தவர்கள் பெரிய பையன்களையே மேலே வைத்தார்கள். பிறந்த தேதிப் பட்டியலைக் கையில் கொடுத்த பிறகும் அந்தச் சாய்வு போகவில்லை. கடைசியாக, வயது வரிசைப்படி ஜெர்சி எண் கொடுத்தார்கள். எண்ணைப் பார்த்தாலே யார் பெரியவன், யார் சின்னவன் என்று தெரியும். அப்போதுதான் சாய்வு மறைந்தது.